தீங்கற்ற பிழை

டுலூத்தில் பிப்ரவரி.
சன்னலுக்கு வெளியே ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
நான் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்.
இருமலைப் பதிவதில்லை.
அழுகையை, நீதிபதி சொன்னால் மட்டும்.

கடைக்குள் சுட்டவன் வேறொருவன்.
ஆர்லன் ஹாக்ஸ்டட் வெளியே காரில்,
எஞ்சினை அணைக்காமல்
(மைனஸ் இருபத்தாறு; யார்தான் அணைப்பார்?)
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.
அதன் தோல்கள் தடயப்பொருள் பதினொன்று.

"கூட்டாளி செய்யப்போவதை
முன்பே அறிந்திருந்தால் குற்றவாளி."
அச்சடித்த தாளில் அப்படித்தான் இருந்தது.
ஜூரிக்கு வாசித்த நீதிபதி
தண்ணீர் குடித்தார், பக்கம் புரட்டினார்,
"அறிந்திருந்தால் குற்றவாளி" என்றார்.

மூன்றெழுத்து.
விழுந்த சத்தமே இல்லை.

வெடிச்சத்தம் கேட்டபின் அறிந்தான் ஆர்லன்.
அறிந்துதான் காரைக் கிளப்பினான்.
அதை அவனே சொன்னான்,
நானே எழுதினேன்.

என் விரல்கள் நின்றன, அரை நொடி.
அவன் வழக்கறிஞர் திருமதி வாஸ்க்
கைப்பைக்குள் இருமல் மிட்டாய் தேடிக்கொண்டிருந்தார்.
அந்த அறையில் பேசக்கூடாத ஆள் நான்.
சொன்னதை எழுது, சொல்லாததை எழுதாதே.
எழுதவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, செயின்ட் பாலில்
மூன்று நீதிபதிகள் என் தாள்களைப் படித்தார்கள்.
ஆர்லனை அவர்கள் பார்த்ததில்லை.
மேல்முறையீட்டுக்கு முகம் கிடையாது,
பக்க எண்தான்.
பக்கம் 812, வரி 9.
தவறு நடந்திருக்கிறது என்றார்கள்.
ஆட்சேபம் எழவில்லை என்றார்கள்.
சரியாக வாசித்திருந்தாலும் ஜூரி
இதே முடிவுக்குத்தான் வந்திருக்கும் என்றார்கள்,
பன்னிரண்டு தலைகளுக்குள்ளும்
போய்த் திரும்பியவர்கள் மாதிரி.
அதற்குப் பெயர் தீங்கற்ற பிழை.
பல் பிடுங்கிய பாம்புக்கு வைப்பதுபோல் ஒரு பெயர்.

நான்காம் ஜூரர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
அந்த வரியில் நிமிர்ந்து பார்த்தாள்.
பென்சிலைக் கீழே வைத்தாள்.
பிறகு எடுக்கவேயில்லை.
812-இல் அது இல்லை.
பென்சில் வைக்கும் ஓசைக்கு
என் எந்திரத்தில் விசை கிடையாது.

சொல்லாத சொல்லுக்கு விலையில்லை என்பார்கள்.
ஆர்லனுக்கு இருபத்திரண்டு ஆண்டு.
ஒரு ராத்திரி வகுத்துப் பார்த்தேன்:
எழுத்துக்கு ஏழு வருடம், நான்கு மாதம்.

மேல்முறையீட்டுப் பிரதிக்குப் பக்கக் கணக்கில் கூலி.
காசோலை வந்தது.
812-க்கும் சேர்த்துத்தான்.