எமரால்டு பஸ்

உறைபனிக் காலையில்
கேரட் தழை கண்ணாடித்தூள் பூசி நிற்கும்.
வெயில் ஏறும்வரை பாத்திக்குள் இறங்கக்கூடாது,
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
ஹாலன் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறான்.
பார்வையிட வந்த அதிகாரியைக்
கையைப் பிடித்து வரப்பிலேயே நிறுத்தினான்:
"வெயில் வரலை. நில்லு."
அவரும் நின்றார், ஷூவுக்குள் விரல் மரத்துப்போக.

யோகமலருக்கு இருபத்துநாலு வயது.
கழுவி வந்த கேரட்டை
மூன்று கூடையாகப் பிரிப்பது அவள் வேலை.
மண்டிக்கு, சந்தைக்கு, மாட்டுக்கு.
இரண்டு காலாய்ப் பிளந்து வளர்ந்ததை மட்டும்
மாட்டுக் கூடையில் போடமாட்டாள்.
"இது நடக்கும்" என்பாள்.
மண்டிக் கூடையின் உச்சியில் நிற்கவைப்பாள்.
மேட்டுப்பாளையம் லாரிக்காரர் எடுத்து எறிவார்.
போய்ப் பொறுக்கி வந்து
ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொள்வாள்.

மாத அறிக்கையில் மூன்றே கட்டம்:
தானாக.
உதவியுடன்.
இன்னும் இல்லை.
தரம் பிரித்தல் — உதவியுடன், என்று எழுதினேன்.
சனிக்கிழமைக் கூலியை எண்ணி வாங்குதல் — உதவியுடன்.
பஸ்ஸில் வீடு போதல்
ஒன்றரை வருடமாய்க் கடைசிக் கட்டத்திலேயே கிடந்தது.

அதற்காக ஆடி மழை விட்டதும்
காலிக் கிரேட்டுகளை வரிசையாக அடுக்கிப்
பாத்தி ஓரத்தில் ஒரு பஸ் கட்டினோம்.
மோசஸ் கண்டக்டர்.
கேரட் தழையைக் கிழித்து டிக்கெட் தருவான்,
சில்லறை இல்லையென்று எல்லாரையும் திட்டுவான்.
(அதை யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை.)
ஈர மண்ணில் குச்சியால் 'எ' எழுதினேன்.
எமரால்டுக்கு எ.
ஊட்டிக்கு ஊ, அதில் ஏறக்கூடாது.
அவள் 'எ'வின் மேல் விரலை ஓட்டி ஓட்டி
அது ஒரு குழியாகவே ஆகிவிட்டது.

பிறகு முத்தோரை பாலாடா நிறுத்தத்தில்
டீக்கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் நான்.
முதல் நாள், பஸ் வேறு நிறம் என்று விட்டுவிட்டாள்.
இரண்டாம் நாள் ஊட்டி பஸ்ஸில் காலை வைத்தாள்,
ஓடிப்போய் இறக்கினேன்.
மூன்றாம் நாள் ஒரு நாய்க்குட்டி,
பஸ்ஸைப் பற்றிய பேச்சே இல்லை.

எட்டாம் நாள் மஞ்சு இறங்கியது.
சாலையின் அந்தப்பக்கம் இல்லை,
டீக்கடையின் பாய்லர்கூட இல்லை.
இரண்டு மஞ்சள் விளக்கு மட்டும் உறுமிக்கொண்டு வந்தது.
போர்டும் இல்லை, 'எ'வும் இல்லை.
தார்ப்பாயை விலக்கி ஓரடி வைத்தேன்.

அவள் கையை நீட்டினாள்.
பஸ் நின்றது.
"எமரால்டா?"
கரகரவென்று, நாக்கு புரண்டு,
ஆனால் கடைத்தெருவுக்கே கேட்கும்படி.
"ஆமாம்மா, சீக்கிரம் ஏறு."

கேட்பதற்கு நான் அவளுக்குக் கற்றுத்தரவே இல்லை.
அவள் பேச்சு வெளியாளுக்குப் புரியாதென்று
முதல் வாரமே நானாக முடிவு செய்துவிட்டு,
எழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்
ஒன்றரை வருடம்.

படியில் நின்றவள் திரும்பினாள்.
மஞ்சுக்குள் என்னை எப்படிப் பார்த்தாளோ.
"நீ போ" என்றாள்.
கோபமில்லை.
அத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஏழரைக்கு அவள் அம்மாவின் போன்.
தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்பு குரலில்.
"இந்த மஞ்சுல தனியாவா அனுப்புனீங்க?
கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"
திட்டி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
நியாயம்தானே.
"எங்க எறங்கணும்னு யாரு சொன்னா இவளுக்கு?"
தெரியவில்லை என்றேன்.
அதுதான் உண்மை.
இறங்குவதற்கு நாங்கள் இன்னும் வரவேயில்லை,
கிரேட்டு பஸ்ஸில் எல்லாரும் ஏறுவார்கள்,
மணி அடித்ததும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அம்மா பேசுவதை நிறுத்தியபோது
பின்னால் தகரமேசையில் சின்னச் சின்னச் சத்தம்.
எதையோ நிற்கவைக்கிறாள்.
விழுகிறது.
மறுபடி நிற்கவைக்கிறாள்.