சிவப்புப் புள்ளி

ஐந்நூற்றுப் பதினொன்று.
பதினோரு யூனிட் தாண்டியதற்கு
பத்துக் கிலோ அரிசி விலை
கூடுதலாகக் கேட்டது வெள்ளை அட்டை.

வில்லாபுரத்து வெக்கையில்
எல்லாவற்றையும் அணைத்தோம் ஒரு ராத்திரி:
ஃபேன், ஃபிரிட்ஜ்,
தூங்கவே தூங்காத செட்டாப் பாக்ஸ்.
மீட்டரில் சிவப்புப் புள்ளி மட்டும்
கண் சிமிட்டியது.

"யாரோ நம்ம கரண்ட்டக் குடிக்கிறாங்க"
என்றாள் தமயந்தி.

ஒயரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தால்
மாடிப்படி வளைவில்
அழுக்கேறிய குண்டு பல்பு. நூறு வாட்ஸ்.
வீட்டுக்காரர் என்றைக்கோ
எங்கள் கணக்கில் எழுதியது.

கழற்றத் துணியைச் சுற்றிக் கை நீட்டினேன்.
பெரியாஸ்பத்திரி டூட்டி முடிந்து
செருப்பைக் கையிலெடுத்து
சகாயராணி ஏறி வந்துகொண்டிருந்தாள்
அந்த வெளிச்சத்தை நம்பி.

மறுநாள் ஒன்பது வாட்ஸ் எல்இடி மாட்டினேன்.

புள்ளி இப்போதும் சிமிட்டுகிறது,
கொஞ்சம் யோசித்து
யோசித்து.