ஒற்றை விசில்

கீரிப்பாறையில் ரப்பர்த் தோட்டத்தை விற்றவர்
ஜீப்பைத் தன் மச்சினனுக்கும்
நாயைக் கடைசி பஸ் கண்டக்டருக்கும் கொடுத்தார்.
கண்டக்டர் நான்தான்.
கழுத்துப்பட்டையில் மடித்துச் செருகிய தாளில்:
ஸ்பிரிங்கர் ஸ்பேனியல். பெண். மூன்று வயது.
காதை வாரம் இருமுறை பார்க்கவும்.
வேலை கொடுக்கவும். இல்லையென்றால்
அதுவே ஒன்றைத் தேடிக்கொள்ளும்.

தேடிக்கொண்டது.
முதலில் என் தோல்பை,
பிறகு ஸ்டெல்லா நட்ட கறிவேப்பிலை, வேரோடு,
பிறகு ஜெபக்கனி வீட்டு ஒற்றைச் செருப்பு.
கடித்ததில்லை, கிழித்ததில்லை.
என் காலடியில் வைத்துவிட்டு
அடுத்த உத்தரவுக்கு நிற்பாள்.

பழுப்பும் வெள்ளையும். வால் பாதிதான்,
மீதியைக் குட்டியிலேயே நறுக்கிவிட்டார்களாம்.
இருக்கிற பாதி இடுப்பையும் சேர்த்து ஆட்டும்.
காது மட்டும் தேவைக்கு மேல்.
கஞ்சி குடித்தால் காதும் குடிக்கும்.
சாப்பாட்டு நேரத்தில் மகளின் ஹேர்பேண்டு
இரண்டையும் உச்சியில் பிடித்துக்கொள்ளும்.
ஐப்பசி ஈரத்தில் அந்தக் காதைத் தூக்கினால்
மூன்றாம் நாள் தோசைமாவு வாசம்.
"சன்னல் இல்லாத ரூமு வேய் அது" என்றார்
சுசீந்திரம் மாட்டு டாக்டர்.
"தொடச்சு, ஒணத்தி, சொட்டு விடும்."

நாயுருவி என்று அந்தச் செடிக்குப் பெயரிட்டவர்
தெருநாயைத்தான் பார்த்திருப்பார்.
இவள் தொடைமயிரைப் பார்த்திருந்தால்
பெயரை இன்னும் நீட்டியிருப்பார்.
சீப்பு போட்டு, உண்ணி தேடி,
விரலிடுக்கில் முடி கத்தரித்து நிமிர்ந்தால்
ராணித்தோட்டம் டிப்போவில் என் வண்டி உறுமும்.

பயிற்சி என்று நான் எதுவும் தரவில்லை.
ஒற்றை விசில் நில். இரட்டை விசில் போ.
என் பஸ்ஸின் பாஷை அவளுக்கு
ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வார விடுப்பில் தேரூர் குளக்கரை.
மூக்கு தரையில், லைசென்சுக்கு எட்டு போடுகிறவன்போல்
வலமும் இடமுமாகப் புல்லை அளப்பாள்.
கயிறு என் கையில்தான் இருந்தது,
அவள் கழுத்தில்தான் இல்லை.
கோரைக்குள் போனவள் திரும்பி வரும்போது
வாயில் ஒரு தாழைக்கோழி.

அதே நேரம் பார்த்து வாட்சர் தாணுலிங்கத்தின் மொபெட்.
"ஓய் கண்டக்டரே, குளத்துல நாய விடப்பிடாதுன்னு
போர்டு கண்ணுல படலியா?"
பதில் சொல்ல வாயில்லை, விசில் இருந்தது.
ஒற்றை விசில்.
உட்கார்ந்தாள், பறவையோடு.
கை நீட்டினேன். திறந்தாள்.

சிறகெல்லாம் எச்சில். ஒரு பல் தடம் இல்லை.
காலில் மட்டும் எவனோ வீசிய தங்கூசி
ஏழெட்டுச் சுற்று, எலும்பு தெரிய.
தாணுலிங்கம் சாவிக்கொத்தில் இருந்த கத்தியால்
ஒவ்வொரு சுற்றாக அறுத்தார்.
ஃபைனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.
விட்டதும் அது பறக்கவில்லை,
தாமரை இலைமேல் நொண்டி நடந்து
எங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனது.
அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு
இன்னும் உட்கார்ந்தே இருந்தாள்.
இரட்டை விசிலை நான் மறந்திருந்தேன்.

"வார ஞாயிறும் வாரும்" என்றார் வாட்சர்,
"கயிறோட."

ராத்திரி காதைத் தூக்கினேன். தோசைமாவு.
சொட்டு விட்டுக் கையை எடுப்பதற்குள்
தலையை ஒரு உதறு.
காக்கிச் சட்டை, சுவர், ஸ்டெல்லாவின் ஜெபப் புத்தகம்.
காலையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் கேட்டார்,
தோளில் என்ன கறை என்று.
மழை என்றேன்.