பதில் இல்லை என்றால் 99

காரைக்குடி, செக்காலை ரோடு,
எவர்சில்வர் கடைக்கு மேலே ஓர் அறை.
மூன்று ஆராய்ச்சிகளுக்கும் தட்டச்சு செய்பவள் நான் ஒருத்திதான்.
படிவத்துக்கு ஒன்பது ரூபாய்,
பழைய பேரேட்டுப் பக்கம் என்றால் பதினைந்து.
கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும்.
அது கத்தி ஓய்வதற்குள் சேமித்துவிட வேண்டும்.

விசாலாட்சி மேடம் வரலாறு.
புதுவயல் அரிசி ஆலை ஒன்றின் பேரேடுகளை
போனில் படமெடுத்து அனுப்புவார்,
கரையான் தின்றது போக மிச்சம்:
ஆனி 12. நெல் அவித்தது நாற்பது மூட்டை.
ஆண் 6. பெண்டாள் 14.
செவலைக்குப் புண்ணாக்கு வாங்கியது எட்டணா.
மாட்டுக்குப் பெயர் இருக்கிறது.

தேவசகாயம் சார் சமூகவியல்.
உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார்?
கணவர் என்றால் 1, நீங்கள் என்றால் 2, இருவரும் 3.
'சங்கு ஊதுறவன்' என்று ஒருத்தி சொல்லியிருந்தாள்.
அதற்கு எண் இல்லை.

டாக்டர் நஸீமாவுக்கு நுரையீரல்.
குழாயை வாயில் வைத்து
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
இன்னும் இன்னும் இன்னும்
போதும்.
முதல் வினாடியில் வெளியேறிய காற்று, லிட்டரில்,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.
ஒரே ஊர், ஒரே நெற்களம்,
ஒரே தவிட்டுத் தூசியைத்
தட்டிவிட்டுத்தான் மூன்று கார்களும் திரும்பின.

நுரையீரல் கோப்பில் அவள் 0417.
சமூகவியலில் பு-38.
வயது ஐம்பத்திரண்டு, வேலைக்குப் போனது பதினொன்றில்,
இடது கையில் இரண்டு விரல் பெல்ட்டில் போனது.
நானும் புதுவயல்காரி. யாரென்று தெரியாமல் இருக்குமா?
பெயரைச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
பூமயில் என்கிறேன், அது அவள் பெயரல்ல.
பெண்டாள் பதினாலில் ஒருத்தி அவள் அம்மாவாக இருக்கலாம்.
இருக்கலாம் என்பதை விசாலாட்சி மேடம்
அடிக்குறிப்பில்கூட விடமாட்டார்.

அன்று பெயர் எழுதாதது அலட்சியம்.
இன்று எழுதாதது அறம்,
ஒப்புதல் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.
இரண்டையும் ஒரே விரலால்தான் அடிக்கிறேன்,
சில நாள் வித்தியாசம் விரலுக்குத் தெரிவதில்லை.

நேற்று பு-38, கடைசிக் கேள்வி.
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?
களப்பணிப் பையன் அப்படியே எழுதி வைத்திருந்தான்:
'போன மாசம் ஒரு டாக்டரம்மா
குழாய்ல ஊதச் சொன்னாக.
இருந்ததெல்லாம் ஊதிட்டேன்.
அந்த மூச்ச என்ன செஞ்சாக?'

ஆய்வுக்குத் தொடர்பில்லாத பதில்: 99.
கையேடு, பக்கம் ஆறு.

மற்ற கோப்பைத் திறந்து பார்த்தேன். திறக்கக் கூடாது.
0417: 0.98.
அடித்தவள் நான்தான், மார்ச் மாதம்,
டீ குடித்துக்கொண்டே அடித்திருப்பேன்.
பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்ற கட்டம்
வெறுமையாக இருந்தது.

99 போடவில்லை. அவள் சொன்னதை முழுசாக அடித்தேன்.
சொன்னாக, செஞ்சாக,
ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்புக் கோடு விழுந்தது.
திருத்தட்டுமா என்றது. வேண்டாம்.

பிறகு டாக்டருக்கு ஒரு செய்தி:
'0417 கேட்கிறார், அந்த மூச்சை என்ன செய்தீர்கள்.'
வேலை போனாலும் போகும்.
நீல டிக் இரண்டு விழுந்தது.
'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று வந்தது.
பதிலுக்கு நான் சொல் தேடுவதற்குள்
டாக்டர் நஸீமா தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.