கால் பங்கு

செவ்வாய்க்கிழமை நான் வீட்டைவிட்டு நகரவேயில்லை,
வாசலில் வைத்த பாலைக்கூட எடுக்கவில்லை,
என்று ஆரம்பித்தார் திருமதி ஆக்ஸ்டோபி.
பிறகெப்படி உங்கள் நகராட்சி
என் கணக்கில் கைவைத்தது,
முப்பத்தேழு பவுண்டு ஐம்பதுக்கு?

பிரிட்லிங்டனில் அன்று கடலும் வானமும் ஒரே ஈயம்.
கூரைமேல் கடற்புறாக்கள் செருப்புப் போட்டு நடப்பதுபோல் நடந்தன.
இரண்டு மேசை தள்ளி காரெத்
சிப்ஸ் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க முயன்று
தோற்றுக்கொண்டிருந்தான்.
நான் வழக்கமான பல்லவியை எடுத்தேன்:

மேடம், வங்கி போடும் தேதியை நம்பாதீர்கள்.
வெள்ளிக்கிழமை தேய்த்த அட்டை
செவ்வாயில்தான் வந்து நிற்கும்.
பெயரையும் முழுதாக எழுதாது,
பாதியில் வெட்டி, நட்சத்திரக்குறி போட்டு,
வாலில் ஓர் எண்ணை ஒட்டிவிடும்.
கடற்கரையில் வண்டி நிறுத்தினீர்களா?

வண்டியை டெரிக்தான் ஓட்டுவார்.

தோட்டக் குப்பை, பழுப்புத் தொட்டி?

ஏப்ரலிலேயே கட்டியாயிற்று, ரசீது இருக்கிறது, வாசிக்கட்டுமா?
வாசித்தார். ஒன்பது இலக்கம்.

நூலக அபராதம்? பழைய சோபாவை எடுத்துப்போகச் சொன்னீர்களா?

என் சோபாவுக்கு என்ன கேடு?
வீட்டு வரி என்று மட்டும் சொல்லாதீர்கள், அது ஒன்றாம் தேதி போவது,
முப்பது வருடமாகக் கட்டுகிறேன்.

பேசப் பேசக் குரலில் ஒரு தெம்பு ஏறியது,
திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த தெம்பு.
அதற்குள் என் திரையில் விடை வந்துவிட்டது.

பிறப்பு இறப்புப் பதிவகம்.
சான்றிதழ் நகல், மூன்று.
ஒன்று பன்னிரண்டு ஐம்பது.
வெள்ளி, காலை பத்து நாற்பது.

இதற்கு எங்களுக்குப் பயிற்சி கிடையாது.
கத்துகிறவர்களுக்கு உண்டு,
அழுகிறவர்களுக்கு அரை நாள் உண்டு.
தனக்கு நடந்ததையே மறந்து
அதைப் புகாராகக் கொண்டுவருகிறவருக்கு
ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

பதிவகத்தில் வாங்கியது மேடம், என்றேன்.
என்ன வாங்கியது என்று அவர் கேட்கவில்லை.
மறுமுனையில் கெட்டில் கொதித்து
தானாக அணைந்தது.

ஆமாம். அந்தப் பெண் பேனாவுக்கு மை மாற்றினாள்.
டெரிக்குக்கு எத்தனை ஆர் என்று கேட்டாள்,
இரண்டு என்றேன்.
ஒன்று வங்கிக்கு. ஒன்று ஓய்வூதியத்துக்கு.
மூன்றாவதை எதற்கு வாங்கினேன்?
உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது மேடம்.

அங்கேயே முடித்திருக்கலாம்.
ஆனால் திரையின் மூலையில் அந்த முகவரிக்கு எதிரே
பெரியவர்கள்: இரண்டு
என்று நின்றுகொண்டிருந்தது.
சொல்லாமல் விட்டால் அவருக்குத்தான் நஷ்டம்.

வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தால்
வரியில் கால் பங்கு தள்ளுபடி உண்டு.
படிவத்தை நானே நிரப்புகிறேன்,
எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும்

சொன்னார்.
வங்கியைப்போல் அல்ல,
அதே நாள், மணியோடு.

கால்தானா? என்றார்.
கால்தான்.
பாதி என்றல்லவா நினைத்திருந்தேன்.

அது சிரிப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள
எனக்கு அதிகாரமில்லை.
டிசம்பர் ஒன்றாம் தேதி
அவர் கணக்கில் புதுத் தொகை கழியும்,
அதே வெட்டிய பெயரில்,
கொஞ்சம் குறைவாக,
ஏனென்று எழுதாமல்.