நல்ல தோல்

சிரங்கு என்றார் முதல் டாக்டர்.
படுக்கை விரிப்பையெல்லாம் வேகவைத்தோம்.
குடியிருப்பின் நீராவிக் குளியல் பட்டியலில்
எங்கள் வியாழக்கிழமையை
யாரோ பென்சிலால் அடித்திருந்தார்கள்.

சோப்பு என்றார் அடுத்தவர்.
நரம்புத் தளர்ச்சி, கொஞ்சம் நடக்கட்டும் என்றார் மூன்றாமவர்,
முழங்கையைப் பார்க்காமலே.
நடந்தாள் ரைலி,
குவோப்பியோவின் உறைந்த ஏரிமேல்
சொறிந்துகொண்டே.

ஏழாம் வருஷம்
விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்த பெண்,
காதில் மூன்று வளையம்,
புண்ணை விட்டுவிட்டுப்
பக்கத்திலிருந்த நல்ல தோலைக் கிள்ளி எடுத்தாள்.
அங்கே ஒன்றுமில்லையே என்றேன்.
அங்கேதான் எழுதியிருக்கும் என்றாள்.

எழுதியிருந்தது:
கோதுமை, ரை, பார்லி.

இருபத்தாறு வருஷமாக
விடிகாலை நாலு மணிக்கு
ரொட்டி அடுப்பு மூட்டுகிறவள்
தாளை இரண்டு தரம் படித்தாள்.
"எனக்குப் பைத்தியமில்லை" என்றாள்.
மேசையில் பாதி வெட்டிக் கிடந்த கறுப்பு ரொட்டியைத்
துணியில் சுற்றி
ஒரு கதவில் மாட்டிவிட்டு வந்தாள்,
பென்சில் வைத்திருக்கிற வீட்டுக் கதவில்.

மாத்திரை தொடங்கி நாலாம் ராத்திரி
திடுக்கிட்டு விழித்தேன்.
சொறியும் சத்தம் இல்லை.
மூச்சு வருகிறதா என்று
கை வைத்துப் பார்த்தேன்.