சித்தெ நேரம்

ஐம்பது மணி நேரத்தில்
நாற்பத்தேழரை முடிந்திருந்தது.
மிச்சம் இரண்டரை,
மார்ச் முப்பத்தொன்றுக்குள்.
இல்லையென்றால் என் பெயர்
வட்டார வள மையத்தின் வாட்ஸாப் குழுவில்
சிவப்புக் கட்டத்தில் வரும்.
போன தடவை வந்தது.
இருபத்திரண்டு வருட சர்வீஸ்
ஒரு எக்செல் கட்டத்துக்குள்
காலை நீட்ட முடியாமல் படுத்திருந்தது.

வேலுச்சாமி சாருக்கு இந்தக் கவலை கிடையாது.
இரண்டு போனில் இரண்டு பாடத்தை ஓடவிட்டு
வெள்ளாட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விடுவார்.
திரும்பி வருவதற்குள்
சான்றிதழ் வந்து காத்திருக்கும்.
எனக்கு இருப்பது ஒரே போன்.
விரலால் தள்ளினால்
முதலிலிருந்து தொடங்குகிற காணொளி.

அடுப்பு மேடையில்
மிளகாய்த்தூள் டப்பாவை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்தேன்.
குக்கரில் அரிசிம்பருப்பு.
சத்தத்தைக் குறைத்திருந்தேன்,
கூட்டினாலும் ஒன்றுதான்.
பக்கத்து ஷெட்டில் பன்னிரண்டு தறி;
சோமனூர்ப் பக்கம் எந்தக் குரலும்
நாடாவைத் தாண்டித்தான் காதுக்கு வரவேண்டும்.

ஏழரைக்குக் கரண்ட் போனது.
தறி நின்றது.
போனில் சார்ஜ் இருந்தது.

அந்த நேரம் பார்த்து
கண்ணாடி போட்ட ஒரு பெண்,
என் மகள் வயதுதான் இருக்கும், கேட்டாள்:
வகுப்பில் ஒரு கேள்வி கேட்ட பின்
எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?
பலர் ஒரு விநாடிகூட இல்லை.
மூன்று விநாடி இருந்து பாருங்கள்.

விசில் வந்தது.
எத்தனாவது என்று எண்ணாமல் விட்டேன்.

மூன்று விநாடிக்கு ஒரு பயிற்சியா என்று
சிரிக்கத்தான் பார்த்தேன்.
வாய்ப்பாடு கேட்டு,
எவனும் வாய் திறக்குமுன் நானே சொல்லி,
நானே ‘சரியா’ என்று கேட்டு
நானே ‘சரி’ என்று கரும்பலகையை அழித்ததையெல்லாம்
கூட்டினால் எத்தனை மணி நேரம் வரும்?
அதைப் பதிவேற்ற ஒரு பொத்தானும் இல்லை.

தேர்வில் நான்காம் கேள்வி:
‘காத்திருப்பு நேரம்’ என்றால் என்ன?
நான்கு விடை கொடுத்திருந்தார்கள்.
எங்கள் ஊரில் அதற்கு
‘சித்தெ இருங்’ என்று பேர்.
பால்காரரிடம், வட்டிக்காரரிடம்,
பெண் பார்க்க வந்தவர்களிடம்,
பொங்கி வரும் உலையிடம்கூடச் சொல்வோம்.
வகுப்புக்குள் போகும்போது மட்டும்
செருப்போடு சேர்த்து
வாசலில் கழற்றிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் நான்காம் வகுப்பு.
ஒரு தறி நாளொன்றுக்கு முப்பது மீட்டர் ஓடும்.
பாதி நாள் கரண்ட் இல்லை.
எத்தனை மீட்டர் ஓடியிருக்கும்?

ஒன்று.
மின்விசிறி கிறீச்சென்றது.
இரண்டு.
மூன்று.
“மறந்துருச்சுங்களா டீச்சர்?”
முதல் பெஞ்சு பிரகல்யா.
நான்கு.
ஐந்து.

கடைசி வரிசையில் நிதர்சன் எழுந்தான்.
ஜூனிலிருந்து ‘உள்ளேன் டீச்சர்’ தவிர
என்னிடம் எதுவும் பேசாதவன்.
“முப்பதேதானுங் டீச்சர்.
கரண்ட் வந்தப்பறம் எங்கம்மா
ராத்திரி முழிச்சிருந்து
மிச்சத்த ஓட்டிப்போடும்.”

விடைக்குறிப்பில் பதினைந்து.
பதினைந்து என்று எழுதவில்லை.
முப்பது என்றும் எழுதவில்லை.
சாக்பீஸைப் பிடித்தபடி
சித்தெ நேரம் நின்றேன்.

சாயங்காலம் பின்னூட்டப் படிவம்.
‘இப்பயிற்சியால் நீங்கள் கற்றது’,
இருநூறு எழுத்துக்குள்.
நிதர்சனின் அம்மாவை
அதற்குள் உட்கார வைக்கப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினாலு வந்தது.
பெட்டி சிவந்தது.
அழித்துவிட்டு
எல்லோரும் எழுதுவதையே எழுதினேன்:
‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது.’

நாற்பத்தெட்டு என்று காட்டியது.
அடுத்த பாடம் தானாகவே திறந்துகொண்டது:
நேர மேலாண்மை. இரண்டு மணி நேரம்.
பக்கத்து ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.